மூன்றாவது சக்கரத்துக்கு ஒரு கட்டம்

சாந்தியாகோ என்று ஒரே பெயரில் அழைக்கிறோம்.
உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட நகராட்சிகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர்,
ஒவ்வொரு மேயருக்கும் ஒரு பச்சை.

பாலத்துக்கு மேற்கே சைக்கிள் பாதை
எலுமிச்சைத் தோல் நிறம்.
கிழக்கே பாசி நிறம்.
நடுவில் அறுபது மீட்டருக்கு நிறமே இல்லை.
யாருடையது என்று இரு பக்கமும் எழுதிக் கேட்டேன்.
இருவரும் மரியாதையாகப் பதில் போட்டார்கள்:
எங்களுடையது அல்ல.

என் மேசையில் அது பென்சில் முனை அகலம்.
தரையில், ஜூன் மாதக் குளிரில்,
பின்னால் பேருந்து ஹார்ன் அடிக்க
அதைக் கடந்து பார்த்தால்தான் நீளம் தெரியும்.

விடிவதற்கு முன் கணக்கெடுப்பு.
மலைத்தொடர் இன்னும் இருட்டுக்குள்.
நிபால்தோவும் நானும்
ஒரு பிளாஸ்க் காப்பி, இரண்டு படிவங்கள்.
ஆண், பெண், தலைக்கவசம் உண்டு, இல்லை.
ஒவ்வொரு சைக்கிளுக்கும் கையில் ஒரு கிளிக்.
இரவுக்காவல் முடிந்தவர்கள்,
மருத்துவமனைக்குத் துடைக்கப் போகிறவர்கள்,
ஹேண்டிலில் நாய்க்குட்டியோடு ஒரு மாணவன்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ரொட்டி வந்தது.
முன்னால் பெட்டி, பெட்டிக்குக் கீழே இரண்டு சக்கரம்,
பின்னால் ஒன்று, அதன் மேல் யாஸ்னா.
சூடான மர்ராகெத்தா வாசனை
அவளுக்கு முன்பே பாலம் ஏறிவிட்டது.

பாதை தொடங்கும் இடத்தில் நின்றாள்.
இரும்புக் கட்டைகளை ஒரு பார்வை.
பிறகு திருப்பி
பேருந்துகளுக்கு நடுவே இறங்கிவிட்டாள்.

அந்தக் கட்டைகளை நட்டது நான்.
கார் நுழையக் கூடாது என்று.
கார் நுழையவில்லை.
ரொட்டியும் நுழையவில்லை.

"இதற்கு எத்தனை கிளிக்?" என்றார் நிபால்தோ.
"ஒன்றா, ஒன்றரையா?"
படிவத்தில் மூன்றாவது சக்கரத்துக்குக் கட்டம் இல்லை.
பேனாவால் ஓரத்தில் ஒன்று வரைந்தேன்,
கோணலாக.

மறுநாள் டேப்போடு காத்திருந்தேன்.
பெட்டி: நூற்று நான்கு சென்டிமீட்டர்.
கட்டைகளின் இடைவெளி: தொண்ணூற்றைந்து.
ஐந்து விரற்கடை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
மாபோச்சோ ஆற்றின் மேலேயே
அளக்காமல் போட்டிருக்கிறேன்.

"முதல் நாளே சொன்னேனே" என்றாள்.
"யாரிடம்?"
"இந்தக் கட்டையிடம்.
வேறு யார் இருந்தார்கள் இங்கே?"
எனக்கு ஒரு ரொட்டி கொடுத்தாள்.
காசு வாங்கிக்கொண்டாள்.

பள்ளி அரங்கில் கூட்டம்.
குளிரில் யார் ஐயா சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்றார்
மருந்துக்கடை எவாரிஸ்தோ.
நானூற்றுப் பன்னிரண்டு என்றேன்.
எண்ணியது யார் என்றார்.
நான் என்றேன்.
அரங்கம் சிரித்தது.

ஒரு கட்டையை நகர்த்த ஒன்பது கையெழுத்து.
ஏழு வந்தது.
எட்டாமவர் விடுமுறையில்.

பிறகு ஒரு திங்கட்கிழமை
நடுக்கட்டையைக் காணவில்லை.
நான்கு ஓட்டைகள், ஓட்டைகளில் மழைத்தண்ணீர்.
'காரணம்: தெரியவில்லை' என்று அறிக்கை எழுதினேன்.
நிபால்தோவின் கோட்டுப் பை ஒரு பக்கம் தொங்கியது,
நடக்கும்போது கிணுங்கியது.
நான் கேட்கவில்லை.

அன்று காலை யாஸ்னா
மிதிப்பதை நிறுத்தாமலே நுழைந்தாள்.
மணி அடித்தாள், ஒருமுறை,
எங்களுக்கா கட்டைக்கா தெரியாது.

பத்து மணிக்கு
அதே வழியாக ஒரு வேன் நுழைந்து
பச்சையின் மேல் சாவகாசமாக நின்றது.
மருந்துக்கடை வேன்.
எவாரிஸ்தோ வாசலிலிருந்து கை அசைத்தார்.

முழங்காலிட்டு மறுபடியும் அளந்தேன்.
ரொட்டி போக வேண்டும், வேன் போகக் கூடாது;
இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் இருக்கிறது.
ஈரத் தரையில் சாக்பீஸ் பிடிக்கவில்லை.
இரண்டாம் முறை அழுத்திப் போட்டேன்
ஒரு பெருக்கல் குறி.

இனி அடுத்த மழைக்குள்
ஒன்பது பேர் கையெழுத்திட வேண்டும்.
அந்த அறுபது மீட்டர்
இன்னும் யாருடையதும் அல்ல.